தயவுசெய்து ஸ்கிப் பண்ணாதீங்க

லிடியாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எதிரில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருக்கும். திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற அவள் கணவர் பிரின்ஸ், வீட்டில் அவள் குரல் இறங்கியதும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து உட்காருவார். அவள் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். சின்ன வயதிலேயே அப்படித்தான் என்று அவள் அம்மா சொல்வார்.

காந்திகிராமத்தில் படித்து முடித்த கையோடு 'கைப்பிடி' என்கிற சின்ன அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்தாள். சின்னாளப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீடு. மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளுக்கு அங்கே பிசியோதெரபி நடக்கும். பிள்ளைகளைக் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், மதியம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்; சாயங்காலம் இன்னொரு பிரிவு. லிடியா வீடு வீடாகப் போய் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்து அழைத்துவரும் களப்பணியாளராகத்தான் சேர்ந்தாள். இங்கிலீஷில் நாலு பக்கம் பிழையில்லாமல் எழுத வருகிறது என்று தெரிந்ததும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து பணம் கேட்டு எழுதுவது அவள் வேலையாயிற்று. 'லிடியா மிஸ்' என்றால் நன்கொடைக்கு எழுதுகிற மிஸ்.

பணம் தருகிறவர்களுக்கும் சீசன் உண்டு என்பதை அந்த நாற்காலியில்தான் அவள் கற்றுக்கொண்டாள். ஒரு வருஷம் எல்லோரும் கழிப்பறைக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் திறன் பயிற்சி. அப்புறம் மரக்கன்று. குழந்தைகளின் கால் மட்டும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட் சம்பளம், வீட்டு வாடகை, வேனுக்கு டீசல் என்று எழுதினால், நிர்வாகச் செலவுக்கு நாங்கள் தருவதில்லை என்று பதில் வரும். பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் பிசியோதெரபி எப்படி நடக்கும் என்று ஒரு கம்பெனி அதிகாரியிடம் நேராகவே கேட்டாள். 'அத நீங்க வேற எங்கயாவது பாத்துக்கங்க மேடம், எங்களுக்கு ஏதாவது புதுசா வேணும்' என்றார் அவர். அந்த வருஷம் அவர்கள் கொடுத்தது சுவருக்கு பெயிண்ட். யானையும் மானும் வரைந்து, கீழே கம்பெனி பெயரை யானையைவிடப் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒருவரும் உள்ளே வந்து எந்தப் பிள்ளையின் பெயரையும் கேட்கவில்லை.

அறக்கட்டளையை நடத்துகிறவர் சிவபிரகாஷ். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் பாதியைப் போட்டு இதை ஆரம்பித்தவர் என்பதால் அவர்மேல் லிடியாவுக்கு மரியாதை உண்டு. ஜெர்மனியில் ஒரு ஊர்த் தேவாலயத்துக்காரர்கள் அனுப்பிக்கொண்டிருந்த தொகைதான் பல வருஷம் சம்பளத்தைத் தாங்கியது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதி புதுப்பிக்கப்படாமல் நின்றபோது அதுவும் நின்றது. லிடியா எழுதின விண்ணப்பங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. சிவபிரகாஷ் ராத்தூக்கம் இல்லாமல் கண்கள் சிவந்து வர ஆரம்பித்தார். ஒரு நாள் கூடவே ஒரு இளைஞரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"இவரு விக்னேஷ்குமாருங்க. சென்னையில இருந்து வந்துருக்காரு. இன்டர்நெட்ல நிதி திரட்டறதுல பெரிய ஆளு. வர்ற பணத்துல நூத்துக்கு இருபது இவருக்கு."

"நூத்துக்கு இருபதா சார்?" என்றாள் லிடியா. நன்கொடையில் பங்கு வாங்கிக்கொண்டு வேலை செய்வது இந்தத் தொழிலில் கேவலம் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"மீதி எம்பது நமக்குங்க. இப்ப ஒண்ணுமே இல்லையே" என்றார் சிவபிரகாஷ்.

விக்னேஷ்குமார் ஒரு கதை கேட்டார். ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு குடும்பம். லிடியா உட்கார்ந்து முஹ்சினாவைப் பற்றி எழுதினாள்.

முஹ்சினாவுக்கு ஏழு வயது. இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். அவளுடைய அத்தா நூர் அகமது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நத்தத்திலிருந்து மாங்காயும் புளியும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வருகிற வண்டி. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையை அவர் மகளுக்காகவே பிரித்துப் போட்டு, குஷன் கடையில் ஸ்பாஞ்ச் வைத்து, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பெல்ட் தைத்து வாங்கியிருந்தார். முதல் லோடு இறக்கியதும் வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சென்டருக்கு வருவார். தெரபி முடிகிற வரை வாசலில் நிற்பார். அம்மா சர்புன்னிசா ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறார். சேர்ந்தபோது உட்கார முடியாத பிள்ளை, இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதையெல்லாம் லிடியா மூன்று பக்கம் எழுதினாள். எழுதி முடித்தபோது, தான் எழுதினதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

விக்னேஷ்குமார் ஒரு தடவை படித்துவிட்டு, "நல்லா இருக்கு மேடம். ஆனா அழ வைக்கலையே" என்றார்.

அடுத்த வாரம் அவர் ஒரு கேமராக்காரரோடு வந்தார். புகைப்படம் எடுக்கச் சம்மதம் என்று சர்புன்னிசா முன்னமே கையெழுத்துப் போட்டிருந்தார். லிடியா மிஸ் கேட்டதால் போட்டார். முஹ்சினா பாயில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். புது ஆட்கள் வந்தால் அவளுக்குக் குஷி. கேமராக்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார், சிரிப்பு நிற்கவில்லை. விக்னேஷ்குமார் லிடியாவின் காதோரம் வந்து, "அவங்க அப்பாவ கொஞ்சம் வெளிய அனுப்புங்க மேடம், ஃபிரேம்ல டிஸ்டர்ப் ஆகுது" என்றார்.

லிடியா போய், "செத்த நேரம் வெளிய நில்லுங்க பாய்" என்றாள். நூர் அகமது வெளியே போனார். யாரோ கதவைச் சாத்தினார்கள். அத்தா போன கதவைப் பார்த்த முஹ்சினாவின் முகம் கோணியது. பிறகு அவள் அழுதாள். அவளுக்கு அழுகை வந்தால் கைகால் எல்லாம் இறுகிக்கொள்ளும், தலை ஒரு பக்கம் சாயும், எச்சில் வழியும். "சூப்பர், அப்படியே, யாரும் கிட்ட போகாதீங்க" என்றார் கேமராக்காரர். பிசியோதெரபிஸ்ட் அன்புக்கரசி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு லிடியாவைத் திரும்பிப் பார்த்தாள். லிடியா எதுவும் சொல்லவில்லை. நூர் அகமதுவே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் அழுகை நின்றது.

நாலைந்து நாள் கழித்து விக்னேஷ்குமார் போன் செய்தார். நிதி திரட்டும் இணையதளத்தில் கணக்கு லிடியாவின் நம்பரில்தான் இருந்தது. "வீடியோவ ஏத்தணும், ஓ.டி.பி. வரும், சொல்லுங்க மேடம்" என்றார். அப்போது அவள் ஒரு கம்பெனிக்கு ஆண்டறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள். வந்த எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

விளம்பரம் ஓட ஆரம்பித்தது. சினிமா பாட்டுக்கு நடுவில், சமையல் வீடியோவுக்கு முன்னால், கிரிக்கெட் ஸ்கோருக்குக் கீழே. லிடியா பார்ப்பதற்கு முன்னால் நூர் அகமது பார்த்துவிட்டார்.

நத்தத்தில் ஒரு மாங்காய் மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருந்தபோது சுமை தூக்குகிறவர் ஒருவர், "பாய், இது உங்க பாப்பாவா?" என்று போனை நீட்டினார். நூர் அகமது முழுவதும் பார்த்தார். அதற்குள் நாலு பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் அவர் திருப்பிப் பேசியிருப்பார். வயசான ஒரு வியாபாரி அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை அழுத்தி, "பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க. அந்தக் கருமத்த மட்டும் விட்ருங்க பாய்" என்றார்.

நூர் அகமது வாழ்நாளில் சாராய வாடையைப் பக்கத்தில் அண்டவிட்டதில்லை.

அன்று பதினோரு மணி வாக்கில் அவர் சென்டருக்கு வந்தார். இடுப்பில் முஹ்சினா இருந்தாள். நேரே லிடியாவின் மேஜைக்கு வந்து போனை வைத்து, வீடியோவை ஓடவிட்டார்.

ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் குரல், சம்பளம் கொடுத்துப் பேச வைத்த குரல், "தயவுசெய்து ஸ்கிப் பண்ணாதீங்க" என்றது. திரையில் முஹ்சினா அழுதாள். "என் பேரு ரேஷ்மா. நான் இப்படிப் பொறந்துட்டேன்னு எங்க அப்பா தினமும் குடிச்சிட்டு வந்து எங்க அம்மாவ அடிப்பாரு. ஒரு நாள் எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. எங்க அம்மா வீடு வீடாப் போயி பாத்திரம் தேய்க்கறாங்க." வயலின் இசை. மறுபடியும் அழுகிற முகம், இன்னும் கிட்டத்தில். கடைசியில் கைப்பிடியின் பெயர். அடியில் பொடி எழுத்தில், பெயர் மாற்றப்பட்டுள்ளது.

முஹ்சினா போனில் தன்னைக் கண்டதும் கை நீட்டிச் சிரித்தாள்.

"எம்மக எதுக்கு அழுதுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல மிஸ்?" என்றார் நூர் அகமது.

"தெரியும் பாய்."

"சொல்லுங்க."

"நீங்க வெளிய போனதுக்கு."

"நானாவா போனேன்?"

லிடியா தலையைக் குனியவில்லை. "நாந்தான் போகச் சொன்னேன்" என்றாள்.

"எம் மச்சினன் காலையில இருந்து போன் போட்டுட்டு இருக்கான். தங்கச்சிய அடிக்கிறியாலேன்னு கேக்குறான். அவ பக்கத்துல இருந்து இல்லண்ணே இல்லண்ணேங்குறா, அவன் நம்ப மாட்டேங்குறான். வீடியோவுல சொல்லிட்டாங்களாம்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பேரத்தான் மாத்தீட்டீங்க. மூஞ்சிய மாத்த முடியலையா மிஸ்?"

அலமாரியிலிருந்து மகளின் காலை நிமிர்த்திப் பிடிக்கும் காலிப்பர் ஷூவை அவரே எடுத்துக்கொண்டார். அது சென்டர் வாங்கிக் கொடுத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அதைத் திரும்ப வைத்தார். பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

லிடியா அந்த வீடியோவை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு விக்னேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

"என்ன எழுதியிருக்கீங்க நீங்க?"

"பர்ஃபார்மன்ஸ் பாத்தீங்களா மேடம்? செமையா போகுது."

"அந்த மனுஷன் குடிக்க மாட்டாரு. வீட்ட விட்டுப் போகல. தினமும் பிள்ளையத் தூக்கிட்டு வாராரு. நான் எழுதிக் குடுத்தது உங்ககிட்ட இருக்குல்ல."

"மேடம், கொஞ்சம் டோனர் பக்கத்துல இருந்து யோசிங்க. நல்ல அப்பா இருக்காருன்னா, சரி அவரு பாத்துப்பாருன்னு தள்ளி விட்டுட்டுப் போயிடுவான். அப்பா நல்லவரா இருந்தா நமக்கு லாஸ் மேடம்."

"அதனால அவரக் கொன்னுட்டீங்க."

"கொல்லல மேடம். செத்துட்டாருன்னு போட்டா வெப்சைட்காரன் டெத் சர்டிஃபிகேட் கேப்பான். ஓடிப்போனவருக்கு சர்டிஃபிகேட் எதுவும் கிடையாது."

இந்த ஆள் இதை இப்போதுதான் யோசித்துச் சொல்லவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் அப்பன்களை இதே கணக்குப் போட்டு வீட்டை விட்டு ஓட வைத்திருக்கிறார். அவரவர் ஊரில் அவர்கள் இன்னும் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். "அத இறக்குங்க" என்றாள். அவள் சொன்னது விக்னேஷ்குமாருக்குக் கேட்கவில்லை. "என்ன மேடம், சத்தமா சொல்லுங்க" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

சிவபிரகாஷ் வீடியோவை முதல் நாளே பார்த்திருந்தார். அதுதான் லிடியாவால் பொறுக்க முடியாமல் போனது.

"தப்புத்தானுங்க. நான் இல்லைங்கல" என்றார். "ஆனா பணம் வந்துட்டு இருக்குதுங்க. இன்னும் ரெண்டு வாரம் ஓடிருச்சுன்னா ஒரு வருஷச் சம்பளம் கைக்கு வந்துரும். அப்புறம் எடுத்துப்போடலாம். பேர மாத்திட்டோம், கையெழுத்து இருக்குது."

"ரெண்டு வாரம் அவரு குடிகாரனாவே இருக்கணுமா சார்?"

"நாப்பது பிள்ளைக இருக்குதுங்க லிடியா. இந்தப் பணம் இல்லைன்னா சென்டரப் பூட்டணும். அந்த நாப்பது பேரு அப்பன் ஆத்தாகிட்ட நீங்க போயிச் சொல்றீங்களா?"

அந்தக் கேள்வி அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது. பத்து வருஷத்துக்கு மேல் நேர்மையாக வாடகை கேட்டு எழுதியபோது ஒருவரும் தரவில்லை. ஒரு பிள்ளையை அழ வைத்து, ஒரு தகப்பனைக் கேவலப்படுத்தியதும் நாடு முழுக்க இருந்து கொட்டுகிறது. சிவபிரகாஷ் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் அசிங்கம்.

வீட்டுக்குப் போய் பிரின்ஸிடம் சொன்னாள். அவர் வீடியோவைப் பார்த்தார். "வேலை போயிரும்ல" என்றார்.

"போகும்."

"சரி. டோனி காலேஜ் பீஸ் வரைக்கும் கடைய வச்சுச் சமாளிச்சுக்கலாம்" என்றார். டோனி அவர்கள் மகன்.

மறுநாள் காலையில் அவள் சிவபிரகாஷ் முன்னால் போய் நின்றாள். "சார், நான் அத இப்ப எடுக்கப் போறேன். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டுச் செய்றேன்."

"எடுத்தீங்கன்னா நாளைக்கு வர வேண்டாமுங்க."

அவள் அவர் முன்னாலேயே உட்கார்ந்து, ஓ.டி.பி. போட்டு உள்ளே போய், வீடியோவை நீக்கினாள். பணம் கொடுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப அந்தத் தளத்தில் வழி உண்டு. அதில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். நீங்கள் பார்த்த குழந்தையின் தகப்பனார் குடிப்பவர் அல்ல, குடும்பத்தை விட்டுப் போனவர் அல்ல. தினமும் மகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். அவரை வெளியே நிற்கச் சொன்னதால்தான் குழந்தை அழுதது, அப்படிச் சொன்னது நான். நாங்கள் சொன்ன கதை பொய், குழந்தைகளின் தேவை உண்மை. பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்குத் திரும்பத் தரப்படும். கீழே தன் பெயரைப் போட்டாள். சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதில்கள் வந்தன. திருடர்கள் என்று திட்டியவர்கள் நிறைய. அது நியாயம் என்று லிடியா எடுத்துக்கொண்டாள். பாதிப் பேருக்கு மேல் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். இணையதளத்துக்காரர்கள் மீதியையும் விசாரணை என்று பிடித்து வைத்தார்கள். சிலர் இப்படி எழுதியிருந்தார்கள்: கதை உண்மையோ பொய்யோ எங்களுக்கு அது முக்கியமில்லை, பிள்ளைக்கு உதவி போனால் சரி. பெருந்தன்மையாகத்தான் எழுதியிருந்தார்கள். திட்டியவர்களைவிட இவர்கள் மீதுதான் லிடியாவுக்கு ஆத்திரம் வந்தது. நத்தம் மண்டியில் நின்ற மனிதனுக்கு அது முக்கியம். அவன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு குடிக்காத குடிக்கு இவர்கள் அவனை மன்னித்து விடுகிறார்கள்.

வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட மறுநாள் அவள் வழக்கம்போல வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவபிரகாஷ் பார்த்தார். தன் அறைக்குள் போனார். அவளைப் போகச் சொன்னால் விண்ணப்பம் எழுத வேறு ஆள் கிடையாது. இரண்டு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அன்புக்கரசியைக் கூப்பிட்டு, "லிடியாகிட்டச் சொல்லுங்க" என்பார். லிடியா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்.

விக்னேஷ்குமார் தன் நூற்றுக்கு இருபதைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். திரும்பிப் போன பணத்துக்கும் சேர்த்துப் பங்கு கேட்டிருந்தார். அன்றுதான் சிவபிரகாஷ் முதல் தடவையாக லிடியாவின் மேஜைக்கு நேராக வந்து, "இவனுக்கு ஒரு பைசா தர மாட்டனுங்க. என்ன பதில் எழுதறதுன்னு நீங்களே எழுதுங்க. எப்படி வேணா எழுதுங்க" என்றார்.

சென்டர் மூடவில்லை, ஆனால் மெலிந்தது. சாயங்காலப் பிரிவு நின்றது. இரண்டு பிசியோதெரபிஸ்டில் ஒருவர் மதுரைக்குப் போய்விட்டார். வேன் விற்கப்பட்டது. வேனில் வந்துகொண்டிருந்த ஆறு பிள்ளைகள் அதற்கப்புறம் வரவில்லை. அந்த ஆறு வீட்டுக்கும் லிடியாதான் போய்ச் சொன்னாள். ஒரு தாய், "உங்க நியாயத்துக்கு எம் பிள்ள காலா கிடைச்சுச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவள் பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தாள்.

அதன்பிறகு அவள் பணம் கேட்கிற முறையை மாற்றிக்கொண்டாள். வீடியோ இல்லை, படம் இல்லை. தோல் வியாபாரிகள், சின்னாளப்பட்டி சேலைக் கடைக்காரர்கள், மில் முதலாளிகள் என்று நேரே போய் நின்றாள். வாடகை, டீசல், சம்பளம் என்று சலிப்பூட்டும் விஷயங்களையே கேட்டாள். "இந்த மாச வாடகைய நீங்க குடுங்க. வந்து பாருங்க. வரும்போது பிள்ளைக பேரக் கேட்டு, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. போட்டோ எடுக்கக் கூடாது." பாதிப் பேர் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு பாத்திரக்கடை முதலாளி, "வீடியோ இருந்தா அனுப்பும்மா, வீட்டுல காட்டி ஒரு முடிவெடுக்கலாம்" என்றார். "நீங்க கடைக்குச் சரக்கு வாங்கறப்ப அழுதுட்டா வாங்குறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர் ஆறு மாதம் கழித்து ஒரு மாத வாடகை கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவளுக்குத் தெரியாது.

பெரிய நிதி நிறுவனங்களுக்கும் எழுதுவதை நிறுத்தவில்லை. இதுவரை நேர்ந்த தவறுகள் என்று விண்ணப்பத்தில் ஒரு பகுதி வரும். எல்லோரும் அதில் மழையையோ கொரோனாவையோ எழுதுவார்கள். லிடியா அந்த வீடியோவை எழுதினாள். மூன்று நிறுவனங்கள் அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டன. நாலாவது ஒன்று, இதைப் படித்ததால்தான் உங்களை நேரில் பார்க்க வந்தோம் என்று வந்து, அன்புக்கரசியின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது. வேனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

நூர் அகமது திரும்பி வரவில்லை. லிடியா பேகம்பூரில் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போனாள். சர்புன்னிசா கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நீங்க எல்லாருக்கும் எழுதுனத அவரு வாசிச்சாரு மிஸ்" என்றார். "எங்கண்ணன் மன்னிப்பு கேட்டுட்டுப் போச்சு. ஆனா மண்டியில அம்புட்டுப் பேருக்கும் யாரு போயி வாசிச்சுக் காட்டுறது?"

"பிள்ளைக்கு எக்சர்சைஸ் நின்னுறக் கூடாதும்மா. கால் இறுகிரும். அன்புக்கரசி வீட்டுக்கு வந்து செஞ்சு விடுவா."

உள்ளிருந்து நூர் அகமதுவின் குரல் மட்டும் வந்தது. "வரச் சொல்லு. எம்புட்டுன்னு கேட்டு வச்சுக்க. சும்மா செய்யக் கூடாது."

அப்படித்தான் நடந்தது. அன்புக்கரசி வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் போய் வந்தாள், அவர் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்தார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் வராதீர்கள் என்றுவிட்டார். முஹ்சினா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறாள் என்று அன்புக்கரசி வந்து சொல்வாள். லிடியா கேட்டுக்கொள்வாள்.

போன வருஷக் கடைசியில் நூர் அகமதுவே போன் செய்தார். அந்த வீடியோ மறுபடி வந்திருக்கிறது. யாரோ முன்னமே அதைப் பதிவிறக்கி வைத்திருக்கிறார்கள். இந்த முறை குழந்தையின் பெயர் பிரியா. கைப்பிடியின் பெயர் இல்லை. அடியில் முன்பின் தெரியாத ஒரு நம்பர், அதற்குப் பணம் அனுப்பச் சொல்லி. லிடியா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அவளுக்கு முன்னால் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

புகாரை எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர் வீடியோவை வாங்கி முழுதும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நூர் அகமதுவைப் பார்த்து, அக்கறையாகத்தான், "இப்ப குடிக்கிறத விட்டாச்சா பாய்?" என்று கேட்டார்.

லிடியா எழுந்துவிட்டாள். நூர் அகமது அவளைப் பார்த்து, உட்காருங்க என்பதுபோல் கையைக் காட்டினார்.

"நான் குடிச்சதில்ல சார். இது அத்தனையும் பொய். அதச் சொல்லத்தான் வந்துருக்கோம்."

போலீஸ்காரர் தர்மசங்கடத்தோடு பேனாவைத் திறந்தார். "சரி, புகார் யார் பேர்ல? டிரஸ்ட் பேர்லயா, மேடம் பேர்லயா?"

"எம் பேர்ல எழுதுங்க. நூர் அகமது" என்றார். "புள்ளைக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல தகப்பன்னு போடுங்க."

புகாருக்கு ரசீது கொடுத்தார்கள். ஸ்டேஷனில் அதற்கும் பெயர் சி.எஸ்.ஆர். கம்பெனிகளிடம் இத்தனை வருஷம் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டு அலைந்தவளுக்கு, கேட்ட அன்றே கிடைத்த ஒரே சி.எஸ்.ஆர். அதுதான் என்று லிடியா பிற்பாடு சிவபிரகாஷிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த நம்பரை முடக்கினார்கள். ஒரு மாதத்தில் வேறு நம்பரோடு அதே அழுகை வந்தது. இப்போது அதைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் புகார் செய்வதும் லிடியாவின் வேலைகளில் ஒன்று. அந்த வேலைக்கு யாரும் நிதி தருவதில்லை, அவள் கேட்டுப் பார்த்தாள். ஒன்றை இறக்கியதும் நூர் அகமதுவுக்கு, எடுத்தாச்சு பாய் என்று ஒரு செய்தி அனுப்புகிறாள். சரி என்று அவரிடமிருந்து பதில் வருகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.